கூட்டிப் பெருக்கும் இயந்திரத்துக்குக் கண் எதற்கு?

கேள்வி: நானும் என் கணவரும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் பழைய வீட்டில் வசிக்கிறோம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மாலையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் படிக்கிறார்கள். நியூஜெர்சியில் இருக்கும் மகன் சென்ற விடுமுறைக்கு வந்தபோது, தான் ஓராண்டு பயன்படுத்திய ரோபோ வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து, எங்கள் வைஃபையோடு இணைத்து, செயலியைத் தன் செல்பேசியிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டான். அதன் மேலே தொப்பி போல ஒரு வட்டம் இருக்கிறது. முன்புறம் சிறு கண்ணாடிகள் இருக்கின்றன. வேலை நன்றாகத்தான் செய்கிறது. ஆனால் போன வாரம் பேசும்போது, 'அப்பா ஏன் பதினொரு மணிக்குக் கூடத்துத் தரையில் படுத்திருந்தார்?' என்று கேட்டான். அதிலிருந்து, அது ஓடும் அறையில் இருக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும், 'இது படம் எடுக்குமா அம்மா?' என்று கேட்கிறாள். மகன் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைச் செய்த நிறுவனமும் பார்க்கிறதா? அவன் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது?

பதில்: மதிப்பிற்குரிய அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு அச்சங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். மகன் உங்கள் கூடத்தைப் பார்த்தது உண்மையில் நடந்துவிட்ட செயல். நிறுவனம் பார்ப்பது நடக்கக்கூடிய ஒன்று. எந்த அளவுக்கு நடக்கக்கூடும் என்பது மாடலையும் அமைப்புகளையும் பொறுத்தது. நீங்கள் கேட்ட வரிசை வேறாக இருந்தாலும், தீர்வு முதலாவதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. அந்த இயந்திரம் ஓடுவது உங்கள் வீட்டில், அதன் சாவி இருப்பது வேறொரு நாட்டில். அதை முதலில் சரிசெய்தால் மற்றவற்றில் பாதிக்கு மேல் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

அந்தத் தொப்பியும் கண்ணாடிகளும் என்ன செய்கின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. 2002இல் அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் ரூம்பா என்ற தன் பெருக்கும் இயந்திரத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு வீடு எப்படி இருக்கிறது என்றே தெரியாது. சுவரில் முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். 2015இல் வந்த ரூம்பா 980 மேல்நோக்கிய ஒரு கேமராவைக் கொண்டு, கடந்து வந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளக் கற்றது. உங்கள் கருவியின் தொப்பிக்குள் சுழல்வது பெரும்பாலும் லைடார் எனப்படும் லேசர் அளவி. கண்ணுக்குத் தெரியாத ஒளியை நாலாபுறமும் வீசி, அது திரும்பி வருவதைக் கொண்டு சுவரும் நாற்காலிக் காலும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அது கணக்கிடுகிறது. லைடாருக்கு முகம் தெரியாது, நிறம் தெரியாது. படுத்திருப்பவர் அதற்கு ஒரு தடை, அவ்வளவுதான். ஆகவே உங்கள் கணவரைக் காட்டிக்கொடுத்தது தொப்பியல்ல, முன்புறக் கண்ணாடிகளில் ஒன்று. வயர், காலுறை, செருப்பு ஆகியவற்றில் சிக்காமல் விலகுவதற்காகவே அங்கே கேமரா வைக்கப்படுகிறது. பிறகு, 'ஊரிலிருந்தே வீட்டைப் பாருங்கள்' என்ற விளம்பரத்துக்காக அதே கேமராவில் நேரலை வசதியும் சேர்க்கப்பட்டது. தரையைப் பெருக்குவதற்கு அந்த நேரலை எள்ளளவும் தேவையில்லை.

கேமராவை விட்டுவிட்டாலும் வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அறைகளின் நீள அகலம், எந்த அறை எதற்கு என்று நாமே செயலியில் எழுதி வைத்த பெயர், கட்டில் எங்கே கிடக்கிறது, கருவி எந்த நேரத்தில் ஓடுகிறது, எந்த நாட்களில் ஓடவில்லை என்பவை எல்லாம் அதில் சேர்கின்றன. ஒரு நாள் தரவு எதையும் சொல்லாது. ஓராண்டுத் தரவைச் சேர்த்துப் பார்த்தால், வீடு எவ்வளவு பெரியது, எப்போது பூட்டியிருக்கிறது என்பதை ஊகிக்க அந்நியர் ஒருவருக்கு அது போதும். வரைபடத்தைக் கருவிக்குள்ளேயே வைத்திருக்கும் மாடல்களும் உண்டு, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புபவையும் உண்டு. செல்பேசியை வெளியூரில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்க முடிகிறதென்றால், அது நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் வந்து சேர்கிறது என்று கொள்ளலாம்.

இனி, நிறுவனம் பார்க்கிறதா என்ற உங்கள் கேள்வி. சாதாரணமாக யாரும் ஒரு திரையின் முன் உட்கார்ந்து ஸ்ரீரங்கத்துக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதற்கு ஆள் கூலி கட்டுப்படியாகாது. ஆனால் இயந்திரத்துக்குப் பொருள்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், 'இது செருப்பு, இது நாய்' என்று படங்களில் குறித்துத் தர மனிதர்கள் வேண்டும். 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளிக்கொண்டுவந்த செய்தி அப்படிப்பட்டதுதான். 2020இல் ரூம்பா ஜே7 வரிசையின் சோதனைக் கருவிகள் எடுத்த படங்கள், குறிப்பதற்காக ஸ்கேல் ஏஐ என்ற நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து வெனிசுவேலாவில் துண்டுக் கூலிக்கு வேலை செய்தவர்களிடம் போய், அவர்களில் சிலரால் ஃபேஸ்புக் போன்ற தளங்களில் பகிரப்பட்டன. கழிவறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவை கடையில் விற்ற கருவிகளல்ல, சம்மதம் எழுதித் தந்த சோதனையாளர்களின் வீடுகளில் ஓடியவை என்று ஐரோபோட் விளக்கியது. ஆனாலும், வீட்டை விட்டு வெளியே போன படம் எத்தனை கைமாறும் என்பதை அனுப்பியவராலும் சொல்ல முடியவில்லை என்பது அதில் தெரிந்துபோயிற்று. விற்பனைக் கருவிகளிலும் 'தயாரிப்பு மேம்பாட்டுத் திட்டம்' என்பது போன்ற பெயரில் ஒரு பொத்தான் இருப்பதுண்டு. அதைத் தட்டிவிட்டால் உங்கள் வீட்டுப் படங்களும் பயிற்சிக்குப் போகலாம். செயலியை நிறுவும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று தட்டிக்கொண்டே போவது நம் எல்லோருடைய பழக்கமும்தான். உங்கள் மகனும் அப்படித்தான் செய்திருப்பார்.

நிறுவனத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் அழைக்கப்படாமல் நுழைபவர்கள். 2024 மே மாதம் அமெரிக்காவில், மின்னசோட்டா உட்பட வெவ்வேறு இடங்களில், எகோவாக்ஸ் நிறுவனத்தின் டீபாட் எக்ஸ்2 கருவிகளை யாரோ தொலைவிலிருந்து தம் வசப்படுத்தி, அவற்றின் ஒலிபெருக்கி வழியே வீட்டாரைப் பார்த்து இனவெறி வசைகளைக் கூவினார்கள். ஆஸ்திரேலியாவின் ஏபிசி செய்தி நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் இதை விரிவாக வெளியிட்டது. வேறு இடங்களில் கசிந்த கடவுச்சொற்களை இங்கே போட்டுப் பார்த்து நுழைந்திருக்கிறார்கள் என்பது நிறுவனத்தின் விளக்கம். நேரலையைத் திறக்க நான்கிலக்க எண் ஒன்று தனியாக உண்டே என்று கேட்பீர்கள். அந்த எண் சரியா என்று செயலி மட்டுமே சோதித்தது. சர்வரோ கருவியோ சோதிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். வாசலில் காவலாளி இருக்கிறார், ஆனால் கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது என்பது போன்ற நிலை அது. 2024 ஆகஸ்டில் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் டென்னிஸ் கீஸும் பிரேலின் லுட்கேயும் அதே நிறுவனத்தின் கருவிகளைப் பற்றிச் சொன்ன இன்னொரு செய்தி உங்களுக்கு நேராகவே பொருந்தும்: உரிமையாளர் தம் கணக்கை நீக்கிய பிறகும் தரவும் உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டும் நிறுவனத்தின் சர்வரில் தங்கியிருந்தன; ஆகவே பழைய கருவியை வாங்கியவரை, விற்றவர் பார்க்க வழி இருந்தது. உங்கள் கருவியும் ஒருவர் பயன்படுத்திக் கொடுத்ததுதான், கொடுத்தவர் மகன் என்பதைத் தவிர.

லேசரைக் கொண்டே பேச்சை ஒட்டுக்கேட்க முடியும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால், அதில் உண்மை உண்டு, ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தையும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் அதைச் செய்து காட்டினார்கள். குப்பைக்கூடை போன்ற பொருள்களில் ஒலி உண்டாக்கும் மெல்லிய அதிர்வை லைடாரால் அளந்து, சொல்லப்பட்ட எண்களைச் சுமார் 90 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்குக் கருவியின் மென்பொருளை முதலில் கைப்பற்ற வேண்டும், சுழலும் லேசரை ஒரே பொருளின் மீது நிறுத்த வேண்டும். அத்தனை பாடு பட்டு உங்கள் வீட்டுக் கணக்கு வகுப்பைக் கேட்க ஒருவர் முன்வந்தால், பத்தாம் வகுப்புத் தேர்வில் அவருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கட்டும் என்று விட்டுவிடலாம்.

தரவைப் பற்றி நிறுவனம் இன்று தரும் வாக்குறுதி நாளைக்கும் இருக்குமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐரோபோட்டின் கதை இதற்குப் போதும். 2017 ஜூலையில் அதன் அன்றைய தலைமை அதிகாரி காலின் ஆங்கிள், வீட்டு வரைபடங்களைப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களோடு பகிர்வதைப் பற்றிப் பேசியதும் எதிர்ப்புக் கிளம்பி, வாடிக்கையாளர் தரவை விற்கமாட்டோம் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2022 ஆகஸ்டில் அமேசான் அந்த நிறுவனத்தையே சுமார் 170 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எதிர்ப்பால் 2024 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் ஐரோபோட் திவால் பாதுகாப்புக் கோரி, தனக்குக் கருவிகளைச் செய்து கொடுத்துவந்த பிசியா என்ற சீன நிறுவனத்தின் கைக்குப் போகும் ஏற்பாட்டை அறிவித்தது. நியாட்டோ என்ற மற்றொரு நிறுவனம் 2023இல் மூடப்பட்டபோது, ஐந்தாண்டுகளுக்கு சர்வர் ஓடும் என்றார்கள். 2025லேயே அது நிறுத்தப்பட்டது. வாங்கும்போது படித்த தனியுரிமைக் கொள்கை, நிறுவனம் கைமாறும்போது யாருடைய மேசைக்குப் போகும் என்பதை வாங்கியவர் தீர்மானிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் கேட்பது, கேட்டால் தரவை அழிப்பது போன்ற முக்கியமான கடமைகள் விதிகள் வந்த பதினெட்டு மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருக்கிறது. அதே சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. ஆகவே சட்டம் உங்கள் மகனை ஒன்றும் கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். மகன் தொலைபேசியில் இருக்கும்போதே உட்கார்ந்து செய்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதலில் அவருடைய செயலியில் பழைய வரைபடங்களையும் துப்புரவுப் பதிவுகளையும் அழிக்கச் சொல்லி, பிறகு கருவியை அவருடைய கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அடுத்து, கருவியின் கையேட்டில் சொல்லியிருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து, கடையிலிருந்து வந்த நிலைக்கு அதைத் திருப்புங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது என்பதற்குக் காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு உங்கள் செல்பேசியில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். எந்த நாடு என்று செயலி கேட்டால் இந்தியா என்று கொடுத்துப் பாருங்கள்; அமெரிக்காவில் விற்ற சில மாடல்கள் அதை ஏற்காமல் போகலாம், அப்படியானால் இருக்கிறபடி விட்டுவிட வேண்டியதுதான். கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாத புதியதாக இருக்கட்டும். மின்னசோட்டாவில் நடந்தது போன்றவற்றுக்கு எதிராக நம் கையில் இருக்கும் முதல் பூட்டு அதுதான். ஓடிபி வழியான இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய், நேரலை, புகைப்படம் எடுத்தல், குரல் உதவி, மேம்பாட்டுத் திட்டம் ஆகிய நான்கையும் அணைத்துவிடுங்கள். தடைகளைக் கேமரா கொண்டு விலகும் வசதியை மட்டும் வேண்டுமானால் விட்டுவைக்கலாம். அந்தப் படங்களைக் கருவிக்குள்ளேயே பார்த்து முடித்துவிடும் மாடல்களே மிகுதி. அதையும் நம்ப மனமில்லையென்றால், முன்புறக் கேமராவின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடலாம். சில மாடல்கள் அதற்காக அடம்பிடித்து ஓட மறுக்கும், மற்றவை ஓடும், ஆனால் செருப்பையும் வயரையும் இழுத்துக்கொண்டு போகும். தொப்பியை மட்டும் மூடாதீர்கள். மூடினால் அதற்குத் திசையே தெரியாது.

உங்கள் ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை வசதி இருந்தால், கருவியை அதில் இணையுங்கள். வங்கிக் கணக்கைப் பார்க்கும் செல்பேசியும் கூடத்தில் உலவும் கருவியும் ஒரே வலையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. இத்தகைய கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். ஆகவே இணையவில்லை என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவை எதுவும் வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி உண்டு. வைஃபையோடு இணைக்கவே இணைக்காமல், மேலே இருக்கும் பொத்தானை அழுத்தி ஓடவிடலாம். பெரும்பாலான மாடல்கள் அப்படியும் பெருக்கும். நேரம் வைத்துத் தானே ஓடுவது, அறை அறையாகச் சொல்வது ஆகிய வசதிகள் போய்விடும். மென்பொருள் புதுப்பிப்பும் வராது, ஆனால் இணையத்திலேயே இல்லாத கருவிக்கு அது பெரிய குறையல்ல. இருவர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன், வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கிறீர்கள் என்பதால்.

மற்றொன்று, தரவோடு தொடர்பில்லாததானாலும் சொல்லாமல் விட முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சார்ஜ் நிலையத்தின் அடியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தூசியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் பெரிய நிலையங்கள் பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை. மகன் மின்மாற்றி ஒன்றைச் சேர்த்திருந்தால் அதை யாரும் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வரும் நேரத்திலும், வீட்டு வேலைக்கு வரும் பெண் இருக்கும் நேரத்திலும் அதை ஓடவிட வேண்டாம். அந்தப் பெண் கேட்டது மிகச் சரியான கேள்வி. படம் எடுக்கக்கூடியது, இன்னின்னதை அணைத்துவைத்திருக்கிறோம், நீ இருக்கும்போது அது ஓடாது என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். வேலை செய்யும் இடத்தில் தம்மைப் பார்க்கும் பொருள் எது என்று அறியும் உரிமை அவருக்கும் உண்டு, அவர் கேட்காமல் இருந்திருந்தாலும். கருவியை வைஃபையில் வைத்திருந்தால், குளியலறைப் பக்கத்துக்குச் செயலியில் தடைக்கோடு போடலாம். ஆனால் பழைய வீடு என்கிறீர்கள், உயரமான நிலைப்படிகள் இருக்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏற இக்கருவிகளில் பல திணறும் என்பதால், எந்தச் செயலியையும்விட நிலைப்படியே நம்பகமான தடை. பூஜையறைக்கு நிலைப்படி இல்லையென்றால் அங்கே கட்டாயம் தடைக்கோடு போடுங்கள், அல்லது கதவைச் சாத்திவிடுங்கள், மாக்கோலம் அதன் கணக்கில் குப்பை.

மகனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் உளவு பார்க்கவில்லை. வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், அப்பா தரையில் கிடக்கிறாரே, விழுந்துவிட்டாரோ என்று பதறியிருக்கிறார். வெயில் நாளில் குளிர்ந்த தரையில் படுப்பது நம் ஊர் வழக்கம் என்பதை நியூஜெர்சியில் இருந்துகொண்டு ஒரு வினாடி மறந்திருக்கலாம். ஆகவே அவருடைய கவலைக்குத் தனியாக ஒரு பதில் கொடுத்துவிட்டு, கேமராவைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் இரவும் ஒரு வீடியோ அழைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு அழைக்கப் பக்கத்து வீட்டு எண் ஒன்றை அவரிடம் கொடுத்துவைக்கலாம். இரண்டிலும் பார்க்கப்படுபவருக்குப் பார்க்கிறார்கள் என்று தெரியும். கூடத்தில் ஓடும் கருவியில் அது தெரியவில்லை என்பதுதான் உங்கள் கூச்சத்துக்குக் காரணம், அதை இதே சொற்களில் அவரிடம் சொல்லலாம். கருவி பழுதானால் உதவ வேண்டும் என்று அவர் விரும்பினால், உங்கள் கணக்கிலிருந்து பகிர்வு அழைப்பை நீங்கள் அனுப்புங்கள். பழுது பார்த்து முடிந்ததும் நீங்களே அதைத் திரும்பப் பெறலாம்.

அவர் தயங்கினால் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கருவி ஓராண்டு அவர் வீட்டில் ஓடியது. அவருடைய படுக்கையறை, குழந்தை இருந்தால் அதன் அறை, எல்லாவற்றின் அளவும் அதன் வரைபடத்தில் இருந்திருக்கும். திருச்சிக்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் முன் அதை அழித்தாரா என்று கேளுங்கள்.